அணையாத சிவப்பு விளக்கு: காரின் காற்றுப்பைப் பழுதை அறியும் உரிமையின் வரலாறு

காரின் சாவியைத் திருப்பியதும் ஓட்டுநருக்கு எதிரேயுள்ள டாஷ்போர்டில் பல விளக்குகள் ஒருசேர எரிந்து, சில நொடிகளில் ஒவ்வொன்றாக அணைகின்றன. அவற்றுள் ஒன்று, இருக்கையில் அமர்ந்த மனித உருவத்தின் முன் ஒரு வட்டம் வரையப்பட்ட சிவப்பு விளக்கு. அது அணையாமல் எரிந்துகொண்டேயிருந்தால் காற்றுப்பை அமைப்பில் எங்கோ பழுது என்று பொருள். வண்டி வழக்கம்போல ஓடும், பிரேக் பிடிக்கும், ஒலியிலும் வேகத்திலும் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் மோதல் நேரும் அந்த ஒரு கணத்தில் பை விரியுமா என்பது மட்டும் உறுதியற்றதாகிவிடும்.

இந்தப் பழுதை வீட்டிலேயே கண்டறிய முற்படுபவர் விரைவில் ஒரு முரணைச் சந்திக்கிறார். கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் சிறு ஸ்கேனரைக் காரின் செருகுமுனையில் பொருத்தினால், எஞ்சினின் கோளாறுகளை அது வரிசையாகச் சொல்கிறது. காற்றுப்பையைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பழுது ஏதும் இல்லை என்கிறது, அல்லது வாய் திறப்பதேயில்லை. கார் ஒன்று, செருகுமுனை ஒன்று, கருவியும் ஒன்று. அப்படியிருக்க எஞ்சினின் நோய் பொதுவெளியில் பேசப்படுவதும், காற்றுப்பையின் நோய் மறைமொழியில் முடங்கிக் கிடப்பதும் ஏன்? இதன் விடை மின்னணுவியலில் இருப்பதைவிடச் சட்ட வரலாற்றிலேயே மிகுதியாக இருக்கிறது. பாதுகாப்புச் சட்டம் விளக்கைத் தந்தது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் செருகுமுனையைத் தந்தது. போட்டிச் சட்டம் பழுதறி கருவி யாருக்குரியது என்று வழக்காடியது. இம்மூன்றும் தனித்தனிப் பாதைகளில் நடந்தன. அவை சந்திக்காமல் விட்ட இடைவெளியில்தான் இன்றைய கார் உரிமையாளர் நிற்கிறார்.

1. சோதித்துப் பார்க்க இயலாத கருவி

ஒரு கருவி நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை அதைப் பயன்படுத்திப் பார்த்தே மனிதர்கள் அறிந்து வந்துள்ளனர். பிரேக்கின் நலம் மிதிக்கும் காலுக்குத் தெரியும். ஹாரனின் நலம் காதுக்குத் தெரியும். காற்றுப்பை இவ்வொழுங்குக்கு உட்படாது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை, ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் அது செயல்பட வேண்டும். செயல்பட்ட பின் அதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. பத்தாண்டுகள் அசையாமல் உறங்கிக் கிடந்து, அழைத்த கணத்தில் விழித்தெழ வேண்டிய பொருள் அது.

இக்கருத்து தோன்றிய காலத்தில் இச்சிக்கல் எவரையும் வாட்டவில்லை. மோதலின்போது விரியும் மெத்தைக்காக அமெரிக்காவின் ஜான் ஹெட்ரிக்கும் ஜெர்மனியின் வால்ட்டர் லிண்டரரும் 1950களின் தொடக்கத்தில் தனித்தனியே காப்புரிமை பெற்றனர். இருவருமே அழுத்தப்பட்ட காற்றை நம்பினர். அது போதிய வேகத்தில் பையை நிரப்பாது என்பதும், மோதலை உடனுக்குடன் உணரும் கருவி இல்லை என்பதும் பின்னரே தெளிந்தன. 1960களின் பிற்பகுதியில் ஆலன் பிரீட் உருவாக்கிய மின்-இயந்திர மோதல் உணரி இவற்றுள் இரண்டாம் தடையை அகற்றியது. 1974 முதல் 1976 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ 10,000 கார்களில் காற்றுப்பை பொருத்தி விற்றது. வாங்குவோர் குறைவு என்று கைவிட்டது. 1980களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ்-பென்ஸ் தன் எஸ் வகைக் காரில், திட எரிபொருளை எரித்து வாயு உண்டாக்கும் காற்றுப்பையை இருக்கைப் பட்டை இறுக்கியுடன் சேர்த்து அறிமுகம் செய்தது. இன்றைய அமைப்பின் நேரடி முன்னோடி அதுவே.

அமெரிக்காவில் இதைக் கட்டாயமாக்கும் முயற்சி நெடிய அரசியல் போராட்டமாயிற்று. 1977இல் கார்ட்டர் அரசு, பயணியின் செயலை எதிர்பாராமல் தானே காக்கும் சாதனம் தேவை என ஆணையிட்டது. 1981இல் ரீகன் அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. காப்பீட்டு நிறுவனங்கள் வழக்காடின. தக்க காரணம் காட்டாமல் ஆணையைக் கைவிட்டது செல்லாது என்று 1983இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிருவாகச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் அத்தீர்ப்புக்குப் பின், 1984இல் புதிய விதி வந்தது. 1991இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் 1998 மாடல் முதல் எல்லாப் பயணியர் கார்களிலும் முன்புற இரு காற்றுப்பைகள் கட்டாயமாயின.

இந்தப் போராட்டத்தில் தலைப்புச் செய்தியாகாத ஒரு சிறு விதிதான் நம் விளக்கின் பிறப்பிடம். மோதலின்போது விரியும் பாதுகாப்பு அமைப்புக்குக் கண்காணிப்பு முறை ஒன்றும், அது ஆயத்தமாக இருக்கிறதா என்பதை ஓட்டுநருக்குத் தெளிவாகக் காட்டும் அடையாளமும் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு விதி 208 கூறுகிறது. அந்த அடையாளம் தன் ஆயத்தநிலையையும் தானே கண்காணிக்க வேண்டும் என்பது அதன் அடுத்த நிபந்தனை. சாவி திருப்பியதும் விளக்கு சில நொடிகள் எரிவது இதன் பொருட்டே. 1990களின் சில ஃபோர்டு கார்கள் இதனினும் ஒரு படி மேலே சென்றன. விளக்கே பழுதானால் ஐந்தைந்தாக ஐந்து முறை மணி ஒலித்து அவை அறிவித்தன. காவலனுக்கும் ஒரு காவலன் வேண்டியிருந்தது.

கவனங்கொள்ள வேண்டியது, இவ்விதி எங்கே நின்றுவிட்டது என்பதே. பழுது உண்டா இல்லையா என்று உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும் என்றது விதி. என்ன பழுது என்று சொல்ல வேண்டும் என அது கேட்கவில்லை.

2. விளக்கு எதைக் காண்கிறது

கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலான கார்களில் இரு முன்னிருக்கைகளுக்கு நடுவே, தரையோடு பிணைக்கப்பட்டிருக்கும். அது ஒவ்வொரு பையின் தீமூட்டிக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, அச்சுற்றின் மின்தடையை ஓயாமல் அளக்கிறது. தீமூட்டியின் தடை பொதுவாக ஏறத்தாழ 2 ஓம். தடை உயர்ந்தால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. மிகவும் தாழ்ந்தால் எங்கோ கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. இவ்வளவு நுண்ணிய அளவு என்பதால் இணைப்பானில் படிந்த மெல்லிய துரு கூட விளக்கை எரியவைக்கப் போதுமானது.

அணையாத விளக்கின் காரணங்கள் பெரும்பாலும் எளியவையாக இருப்பது இதனால்தான். ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் சுருண்டும் விரிந்தும் மின்தொடர்பைக் காக்கும் தட்டைநாடாவைப் பட்டறைகளில் கிளாக் ஸ்பிரிங் என்பர். ஆண்டுகள் பல உழைத்த பின் அது அறுந்துபோகிறது. அப்போது ஹாரனும் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்களும் சேர்ந்தே செயலிழப்பதுண்டு. இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் நிற இணைப்பான், இருக்கையை முன்னும் பின்னும் தள்ளுவதால் தளர்கிறது. புதிய இருக்கை உறை மாட்டும்போதும் அசைந்துவிடுகிறது. பட்டைப் பூட்டின் சுவிட்ச், பேட்டரியின் தாழ்ந்த மின்னழுத்தம், மழைநீர் புகுந்த தரை விரிப்பு ஆகியவையும் இப்பட்டியலில் அடங்கும்.

விளக்கின் பிடிவாதத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு நினைவு இருக்கிறது. பல கார்களில், தளர்ந்த இணைப்பு மீண்டும் இறுகிய பின்னும் பெட்டி அப்பழுதை மறப்பதில்லை. உரிய கருவி வந்து அழிக்கும் வரை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அந்த நினைவு நீங்குவதில்லை. வந்து வந்து மறையும் பழுது, மோதல் நேரும் கணத்தில் வந்துவிட்டால் என்னாகும் என்ற எச்சரிக்கையே இவ்வடிவமைப்பின் அடிப்படை. ஆகவே அணையாத விளக்கு இன்றைய பழுதைக் காட்டலாம்; என்றோ தீர்ந்துபோன பழுதின் நினைவாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியக் குறியீட்டைப் படித்தே ஆகவேண்டும்.

ஒரு காலத்தில் அக்குறியீட்டை விளக்கே சொன்னது. 1990களின் பல கார்களில் பழுதின் எண் விளக்கின் சிமிட்டலாக வெளிப்பட்டது. மூன்று சிமிட்டல், சிறு இடைவெளி, மீண்டும் இரண்டு சிமிட்டல் என்றால் எண் 32. டொயோட்டா கார்களில் செருகுமுனையின் குறிப்பிட்ட இரு துளைகளை ஒரு கம்பித்துண்டால் இணைத்தால் இச்சிமிட்டல் தொடங்கும். தாளும் பென்சிலும் பழுதுநூலும் உள்ள எவரும் பழுதைப் படித்தறியலாம் என்ற நிலை அன்று இருந்தது. கணினி மேம்பட மேம்பட, சாதாரண மனிதருக்குக் கிட்டிய அந்த எளிய வாசிப்பு மறைந்தது என்பதே இவ்வரலாற்றின் நகைமுரண்.

விளக்கின் பார்வைக்கும் எல்லை உண்டு. அது மின்சுற்றைக் காண்கிறது. பையையும் அதனுள் உள்ள வேதிப்பொருளையும் காண்பதில்லை. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் தயாரித்த வாயு ஊதிகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்தாலும் ஈரத்தாலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, மோதலின்போது அளவுமீறி வெடித்து உலோகத் துண்டுகளைப் பயணிகள்மீது எறிந்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6.7 கோடி ஊதிகள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவிலும் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் அந்நிறுவனம் திவாலானது. அந்த ஊதிகளின் மின்சுற்றில் குறையில்லை என்பதால் இச்சிதைவை விளக்கால் அறிவிக்க இயலாது. எரியும் விளக்கு பழுதின் சான்று. அணைந்த விளக்கு நலத்தின் முழுச் சான்று ஆகாது.

3. புகை திறந்த வாசல்

எஞ்சினின் கதை வேறு. அதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது பயணியின் உயிரைப் பற்றிய அக்கறையன்று. நகரத்தின் காற்றைப் பற்றிய அக்கறை. லாஸ் ஏஞ்சலிஸின் புகைமூட்டத்தோடு போராடிய கலிபோர்னியா, 1988 மாடல்களிலிருந்து காரே தன் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளைக் கண்காணிக்க வேண்டும் என்றது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஒரு செருகுமுனையும் ஒரு குறியீட்டு முறையும் வைத்துக்கொண்டது. இரண்டாம் கட்ட விதி இக்குழப்பத்தைத் தீர்த்தது. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதிலும் எல்லாக் கார்களுக்கும் ஒரே வடிவிலான 16 முனைச் செருகி, ஒரே குறியீட்டு அமைப்பு, எக்கருவியும் கேட்கக்கூடிய பொதுவான கேள்விகள் ஆகியவை கட்டாயமாயின. சுருக்கமாக ஓபிடி எனப்படுவது இதுவே.

குறியீடுகள் நான்கு குடும்பங்களாக வகுக்கப்பட்டன: எஞ்சினும் கியரும், உடற்பகுதி, அடிச்சட்டம், வலைப்பின்னல். காற்றுப்பை உடற்பகுதிக் குடும்பத்தில் இடம்பெற்றது. காகிதத்தில் அதற்கும் இடம் உண்டு. எனினும் அனைவருக்கும் திறந்துவைக்க வேண்டும் எனச் சட்டம் வற்புறுத்தியது புகையோடு தொடர்புடையவற்றை மட்டுமே. எஞ்ஞியவற்றை எம்மொழியில் கேட்டால் பெட்டி விடைதரும் என்பதை நிறுவனங்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. ஒரே செருகியின் வழியே பொதுமொழியும் மறைமொழியும் அருகருகே பாய்கின்றன. மலிவான ஸ்கேனர் பொதுமொழியை மட்டும் கற்றிருக்கிறது. காற்றுப்பைப் பெட்டியிடம் பேச அதற்குத் தெரியாது. பழுது இல்லை என்று அது சொல்வதன் உண்மைப் பொருள், கேட்கவே இல்லை என்பதாகும்.

மறைமொழியையும் திறக்கக் கோரிய இயக்கங்கள் பின்னர் எழுந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் இயற்றிய 715ஆம் எண் ஒழுங்குமுறை, பழுதுபார்ப்புத் தகவல்களைத் தனிப் பட்டறைகளுக்கும் தரவேண்டும் என்றது. 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள், நிறுவனத்தின் பட்டறைக்குக் கிட்டும் பழுதறி தகவல் உரிமையாளருக்கும் தனிப் பட்டறைக்கும் நியாயமான விலையில் கிட்டவேண்டும் என்ற சட்டத்துக்குப் பெரும் ஆதரவளித்தனர். இவ்விரண்டிலும் காற்றுப்பை தனியே பேசப்பட்ட பொருளன்று; ஆயினும் அதன் குறியீட்டுக்கும் வழி பிறந்தது.

4. இந்தியாவில் மூன்று பாதைகள்

இந்தியாவில் செருகுமுனை காற்றுப்பைக்கு முன்பே வந்துவிட்டது. பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின் கீழ் ஓபிடியின் முதற்கட்டம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. அப்போது சிறிய கார்களின் அடிப்படை மாடல்கள் பலவற்றில் காற்றுப்பையே இல்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் மிகுதியாக விற்ற ஐந்து சிறிய கார்களின் காற்றுப்பையற்ற மாடல்களை மோதவைத்துச் சோதித்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துமே பூச்சிய நட்சத்திரம் பெற்றன. காற்றுப்பை ஆடம்பரம் என்ற எண்ணம் அதன் பிறகே பொதுவிவாதத்தில் தளரத் தொடங்கியது. ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலை 1 முதல் கட்டாயமாயிற்று. முன்னிருக்கைப் பயணிக்கானது புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு அவ்வாண்டின் இறுதி முதலும் கட்டாயமாயிற்று. ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கும் வரைவு 2022 ஜனவரியில் வெளியாகி, ஒத்திவைக்கப்பட்டு, 2023இல் கைவிடப்பட்டது.

இதற்கிடையே மூன்றாம் பாதை திறந்தது. உதிரிப் பாகங்களும் பழுதறி கருவிகளும் தனிப் பட்டறைகளுக்கு மறுக்கப்படுவதாக 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையீடு ஒன்று பதிவாயிற்று. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தகுதியற்ற கைகளில் கருவியும் பாகமும் சேர்ந்தால் பயணியின் பாதுகாப்புக்கு ஊறு நேரும் என்பது நிறுவனங்கள் முன்வைத்த வாதங்களுள் ஒன்று. அக்கவலையைக் காரணம் காட்டிக் கதவை முற்றிலும் அடைப்பதை ஆணையம் ஏற்கவில்லை. ஒருவர் ஒரு நிறுவனத்தின் காரை வாங்கிய பின், அதன் பழுதுபார்ப்புக்கு வேறெங்கும் செல்ல இயலாத நிலையில், அந்நிறுவனமே அச்சந்தையின் ஆதிக்கச் சக்தி என்பது ஆணையத்தின் மையத் தர்க்கம். பாகங்களையும் பழுதறி கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தர அது பணித்தது. அபராதமும் ஆணையும் மேல்முறையீடுகளில் நெடுங்காலம் சிக்கின. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்ப்பு உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அதன் நான்கு துறைகளுள் ஆட்டோமொபைலும் ஒன்று. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையத்தளம் தொடங்கப்பட்டது. தகவல் தருவது நிறுவனங்களின் கடமை என்னும் தனிச்சட்டத்துக்கு அது ஈடாகாது.

ஆண்டுகளைச் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கருவி யாருக்குரியது என்ற வழக்கு 2014இல் தீர்ப்பைக் கண்டபோது, காற்றுப்பை கட்டாயமாக இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தன. காற்றுப்பை கட்டாயமானபோது கருவியைப் பற்றிய வினா மீண்டும் எழுப்பப்படவில்லை. 2019இல் கட்டாயத்துக்கு உட்பட்டு விற்ற கார்கள் இன்று உத்தரவாதக் காலத்தைத் தாண்டி, இரண்டாம் மூன்றாம் கைகளுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அணையாத விளக்குகள் பெருகப்போவது இக்கார்களில்தான். அவற்றின் உரிமையாளர்கள் செல்வது பெரும்பாலும் தெருமுனைப் பட்டறைக்கே.

5. வீட்டின் எல்லை

வீட்டில் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதை இவ்வரலாற்றின் பின்னணியில் வகுத்துக்கொள்ளலாம். விசாரணை முதலில் காரின் அண்மைக் காலத்தைப் பற்றியதாக இருக்கவேண்டும். இருக்கை உறை மாற்றப்பட்டதா, ஸ்டீயரிங் கழற்றப்பட்டதா, தரையில் நீர் தேங்கியதா, பேட்டரி தளர்ந்ததா? அடுத்தது, அந்தக் கார் மாடலின் காற்றுப்பைப் பெட்டியோடு பேசத் தெரிந்த ஸ்கேனரைக் கொண்டு குறியீட்டைப் படித்தல். குறியீட்டையும், அது இப்போதுள்ள பழுதா பழைய பழுதா என்ற குறிப்பையும் எழுதிவைத்த பின்னரே அழிக்க வேண்டும். காரணம் தீராமல் அழித்தால் சான்று மறையும்; விளக்கு மீண்டும் எரியும். விளக்கு எரியும் காலமெல்லாம் இருக்கைப் பட்டையே முதற்காவல் என்பதை மறத்தலாகாது.

படித்தலுக்கு அப்பால் வேறோர் உலகம் தொடங்குகிறது. சாதாரண மின்தடைமானியைக் காற்றுப்பையின் முனையில் வைத்து அளத்தல் கூடாது. மானி செலுத்தும் மின்னோட்டமே பையை வெடிக்கச் செய்யக்கூடும். பேட்டரியைக் கழற்றிய பின்னும் பெட்டியின் மின்தேக்கியில் மின்னூட்டம் சிறிது நேரம் நிற்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதை அந்தந்த மாடலின் கையேடு கூறுகிறது. அதன் பின்னும் மஞ்சள் இணைப்பான்களைத் தொடுவது பயிற்சி பெற்றவரின் வேலை. எனவே பாதுகாப்பைப் பற்றிய நிறுவனங்களின் கவலை முழுவதும் பொய்யன்று. அக்கவலை தொடுதலுக்குப் பொருந்தும், படித்தலுக்குப் பொருந்தாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டி, தொடுதலின் ஆபத்தைக் காட்டிப் படித்தலையும் மறுத்ததே இவ்வரலாற்றின் பெரும் பிழை.

அந்தப் பிழையின் விலை சிறியதன்று. பழுதைப் படிக்க வழியில்லாத சந்தையில் விளக்கை அணைப்பதே தொழிலாகிறது. பைக்குப் பதிலாக 2 ஓம் மின்தடையம் ஒன்றைச் சுற்றில் செருகினால் பெட்டி ஏமாந்துவிடும், விளக்கு அணையும், உள்ளே பை இருக்காது. 2024இல் தில்லிக் காவல் துறை, பல கார் நிறுவனங்களின் பெயர் தாங்கிய போலிக் காற்றுப்பைகளைக் கைப்பற்றியது. பழைய கார் வாங்குபவர், சாவியைத் திருப்பியதும் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைவதைக் கண்டு மனநிறைவடைகிறார். அந்த நிறைவுக்கு அடிப்படை உண்டா என்பதைக் காட்டும் ஆவணம் எதுவும் காருடன் கைமாறுவதில்லை.

சோதித்துப் பார்க்க இயலாத ஒன்றை மக்களின் முகத்துக்கு எதிரே பொருத்தியபோது, அதன் நிலையை அவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் கருதியது. அதற்காகவே இவ்விளக்கு பிறந்தது. காற்றுப்பையைக் கட்டாயமாக்கிய அதே விதியில், அதன் பழுதுக் குறியீட்டைப் பொதுமொழியில் தரவேண்டும் என்ற ஒரு வரி சேர்ந்திருந்தால் அவ்வறிவிப்பு முழுமை பெற்றிருக்கும். எஞ்சினின் புகைக்கு அந்த ஒரு வரி முன்பே எழுதப்பட்டுவிட்டது. அதனால் எந்த நிறுவனமும் நலிந்துவிடவில்லை. பயணியின் உயிருக்காக அதை எழுதுவதற்கு இன்றும் காலம் கடந்துவிடவில்லை.